தங்கம் ஏறினால் நகை வீட்டுக்கு வரட்டும்

கேள்வி: எனக்கு 42 வயது. கரூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பிடித்தம் போக 58,000 ரூபாய் வருகிறது. தீபாவளிக்கு போனஸ் 40,000. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு. மூன்று வருடமாக மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 6,000 எஸ்.ஐ.பி. (மாதத் தவணை முதலீடு) போட்டு வருகிறேன், இப்போது இரண்டரை லட்சம் சேர்ந்திருக்கிறது. இன்னும் 4,000 ஒதுக்க முடியும். ஆபீஸில் எல்லோரும் வெள்ளி இ.டி.எஃப். (பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் வெள்ளி ஃபண்டு) வாங்குகிறார்கள், நானும் வாங்கலாமா? தம்பியின் செல்போன் கடைக்காக மனைவியின் 12 பவுனை 11 சதவீத வட்டிக்கு அடகு வைத்து, வருடா வருடம் மாற்றி வைக்கிறேன். தையில் கெடு. விலை ஏறியிருப்பதால் ஏழரை லட்சம் வரை தரலாம் என்கிறார்கள். கடையைப் பெரிதாக்கத் தம்பி இன்னும் ஒரு லட்சம் கேட்கிறான். மனைவி விசேஷங்களுக்குக் கவரிங் போட்டுக்கொண்டு வருகிறார், ஒன்றும் சொல்வதில்லை. அடகுச் சீட்டுகளின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: நீங்கள் வெள்ளியைக் கேட்டிருக்கிறீர்கள். நான் அந்த மூன்று சீட்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். 2023 ஜனவரியில் 3,00,000. 2024-இல் 4,00,000. 2025-இல் 5,00,000. மூன்றிலும் எடை அதே 96 கிராம்.

முதல் வருட வட்டி 33,000. அதை நீங்கள் கட்டவில்லை, புதுக் கடனில் சேர்த்துவிட்டீர்கள். மிச்சம் 67,000 தம்பிக்குப் போனது. அடுத்த வருடம் வட்டி 44,000, தம்பிக்கு 56,000. இந்த வருட வட்டி 55,000. ஆக, தம்பி கைக்குப் போனது 4,23,000; தையில் நகையை மீட்க வேண்டியது 5,55,000. நடுவில் நிற்கும் 1,32,000 முழுக்க வட்டி. உங்கள் எஸ்.ஐ.பி.யில் 22 மாதத் தவணை அது. பிள்ளைகள் படிப்புக்கு ஒரு கையால் சேர்த்ததில் பாதிக்கு மேல் இன்னொரு கையால் போய்விட்டது.

உங்களைக் கெடுப்பது இந்த மாற்றி வைக்கிற பழக்கம்தான். 2023 தொடக்கத்தில் கிராம் ஐயாயிரத்தை ஒட்டி இருந்த தங்கம் 2025-இல் பத்தாயிரத்தைத் தாண்டியது. அதனால் ஒவ்வொரு கெடுவிலும் கையிலிருந்து ஒரு ரூபாய் எடுக்காமல், மேற்கொண்டு பணமும் வாங்கிக்கொண்டு வர முடிந்தது. வலி தெரியவில்லை. ஆனால் தங்கம் இறங்கவும் செய்யும்; 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் இரண்டே வர்த்தக நாட்களில் பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அப்படி ஒரு வாரம் வந்தால், ஏழரை லட்சத்தை விளிம்பு வரை வாங்கியவருக்கு ஏல நோட்டீஸ் வரும். தவிர, ஒரே தவணையில் அடைக்கும் நகைக்கடனைப் புதுப்பிக்க, சேர்ந்த வட்டியை முதலில் கட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. 2026 ஏப்ரல் முதல் யாரும் அதைத் தட்ட முடியாது.

சரி, தையில் என்ன செய்வது? ஃபண்டிலிருந்து 1,55,000 எடுங்கள். முதலில் வாங்கிய யூனிட்கள்தான் முதலில் போகும்; உங்களுடையது பங்குச் சந்தை ஃபண்டு என்றால், அவை ஒரு வருடம் தாண்டியவை என்பதால் லாபத்தில் 1.25 லட்சம் வரை வரி இல்லை, உங்கள் லாபம் அந்தப் பக்கமே போகாது. கடன் 4,00,000-க்கு இறங்கும். இப்போது விலையேற்றத்தை உங்கள் பக்கம் திருப்புங்கள். கிராம் 11,000 என்று வைத்தால் எட்டுப் பவுனின் மதிப்பு ஏழு லட்சம். நாலு லட்சம் கடனுக்கு அது தாராளம். மிச்ச நாலு பவுன் வீட்டுக்கு வந்துவிடும். அந்த எட்டையும் ஒரே சீட்டாக வைக்காதீர்கள். ஆரம் ஒரு சீட்டு, நெக்லஸ் ஒரு சீட்டு என்று பிரித்து வையுங்கள், பணம் சேரச் சேர ஒவ்வொன்றாக மீட்கலாம். பொதுத்துறை வங்கியில் வட்டி பெரும்பாலும் இதைவிடக் குறைவு, மாற்றும்போதே விசாரியுங்கள்.

எஸ்.ஐ.பி.யை நிறுத்துங்கள். அந்த 6,000, வெள்ளிக்கு ஒதுக்கிய 4,000, ஆக மாதம் 10,000 கடனுக்கு, போனஸும் அப்படியே. தோராயமாகக் கணக்கிட்டால் மூன்று வருடத்தில் தீரும். மகள் பிளஸ் டூ முடிப்பதற்குள் 12 பவுனும் வீட்டில் இருக்கும், எஸ்.ஐ.பி.யும் திரும்ப ஓடும். நல்ல ஃபண்டை நிறுத்தச் சொல்கிறாரே என்று தோன்றலாம். ஃபண்டு 12 சதவீதம் தரலாம், தராமலும் போகலாம். 11 சதவீத வட்டி நிச்சயம் போகிறது.

வெள்ளி வேண்டாம். 2025 அக்டோபரில் சில ஃபண்டு நிறுவனங்களே வெள்ளி ஃபண்டில் மொத்தமாகப் போடும் பணத்தை ஏற்பதை நிறுத்தி வைத்தன. அந்த அளவு அடிதடி. பக்கத்து மேசைக்காரர் லாபத்தைச் சொல்கிறார். அவருக்கு அடகுச் சீட்டு இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது.

தம்பி விஷயம்தான் உங்களுக்குக் கஷ்டம். 'இல்லை' என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள், மேலே இருக்கும் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். 1,32,000 வட்டி அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கடைக்கு உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) செய்துகொண்டு, முத்ரா என்ற அரசுத் திட்டத்தில் சிறு தொழில் கடனுக்கு வங்கிக்குப் போகட்டும். அதில் கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கேட்கலாம். கடை நடக்கிற கடை என்றால் தவணையை அதுவே கட்டும். வங்கி தயங்கினால், ஏன் என்று நீங்களும் அவரும் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் அது.

அப்புறம், அந்த மூன்று சீட்டுகளையும் இன்று ராத்திரியே மனைவியிடம் காட்டுங்கள். நகை அவருடையது. தையில் எந்த நாலு பவுன் முதலில் வீட்டுக்கு வர வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.