அவர் தூக்கம் கெட்டால் கெடட்டும்

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு 27 வயது. முதல் குழந்தை, எட்டாம் மாதம் நடக்கிறது. கன்னத்திலும் மூக்கிலும் மங்கு படர்ந்து முகமே மாறிவிட்டது. கழுத்து கறுத்துவிட்டது, தொப்புளுக்குக் கீழே கருங்கோடு, வயிறு முழுக்க வரிகள். தெரிந்தவர் ஒருவர் ‘யாரோ என்று நினைத்தேன்’ என்றதிலிருந்து வெளியே போகவே பிடிக்கவில்லை. நாத்தனார் ஒரு க்ரீம் கொடுத்திருக்கிறார், டப்பாவில் பெயர்கூட இல்லை, பத்து நாளில் சரியாகிவிடுமாம். போடலாமா? பத்து நாளாக ராத்திரியில் உள்ளங்கையும் உள்ளங்காலும் வேறு அரிக்கிறது, பார்த்தால் ஒன்றும் இல்லை. கர்ப்பத்தில் எல்லாருக்கும் அரிக்கும் என்கிறார் மாமியார். கணவர் தூக்கம் கெடக்கூடாது என்று குளியலறையில் குழாயை நூலாகத் திறந்து, வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது பழகிவிட்டது. என் பழைய முகம் திரும்ப வருமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: மகளே, மூன்று பக்கக் கடிதத்தில் முகத்துக்கு இரண்டேமுக்கால் பக்கம் கொடுத்திருக்கிறாய். கால் அரிப்புக்கு இரண்டு வரி, அதையும் ‘பழகிவிட்டது’ என்று முடித்துவிட்டாய். நான் அந்த வாளியிலேயே நின்றுவிட்டேன். கடிதம் கிடைத்த அன்றே உனக்குத் தனியாக மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. அதைப் பார்க்காமல் இதைத்தான் முதலில் படிக்கிறாய் என்றால், பத்திரிகையை மூடிவைத்துவிட்டு உன் மகப்பேறு மருத்துவருக்குப் போன் போடு. மீதியை அப்புறம் படிக்கலாம்.

எட்டாம் மாதம், உள்ளங்கை உள்ளங்கால், ராத்திரியில் அதிகம், தோலில் தடிப்பு ஒன்றும் இல்லை. இதெல்லாம் சேர்ந்து வந்தால் முதலில் கல்லீரலைப் பார்க்க வேண்டும். கர்ப்பகால ஹார்மோன்களால் சிலருக்குக் கல்லீரலில் பித்தநீர் ஓட்டம் மந்தப்பட்டு, குடலுக்குப் போக வேண்டிய பித்த அமிலங்கள் ரத்தத்தில் தேங்கிவிடும். அந்த அரிப்புக்குச் சொறிந்த கீறலைத் தவிர வெளியே அடையாளமே இருக்காது, அதனால்தான் பார்க்கிறவர்கள் ‘சும்மா அரிப்பு’ என்று தள்ளிவிடுகிறார்கள். தாய்க்குப் பெரும்பாலும் பிரசவமானதும் தானாக நின்றுவிடும். ஆபத்து உள்ளே இருக்கிற பிள்ளைக்கு. குறைப்பிரசவம் ஆகலாம், பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டுவிட்டால் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோகும் வாய்ப்பும் கூடுகிறது. 40-க்குள் இருந்தால் அந்தப் பயம் மற்ற கர்ப்பிணிகளுக்கு இருப்பதைவிட அதிகமில்லை. உனக்கு எவ்வளவு, அல்லது இது அதுதானா என்பதே ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும், வாளியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தால் தெரியாது.

டாக்டரிடம் போய் ‘அரிக்கிறது’ என்று மட்டும் சொன்னால் ஒரு லோஷனோடு திரும்பி வருவாய், இந்தக் கதையை நிறையக் கேட்டாயிற்று. எங்கே அரிக்கிறது, எப்போது, எத்தனை நாளாக என்று சொல். பித்த அமிலப் பரிசோதனையும், எல்.எஃப்.டி. என்கிற கல்லீரல் பரிசோதனையும் எடுக்க வேண்டுமா என்று நீயே வாய்விட்டுக் கேள். சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போகிறதா, மலம் வெளுத்துப் போகிறதா, கண் மஞ்சளா, அதையும் கவனித்துச் சொல். முதல் ரிப்போர்ட் நார்மல் என்று வந்தும் அரிப்பு நிற்கவில்லை என்றால் விட்டுவிடாதே, சிலருக்கு அரிப்பு முந்திக்கொள்ளும், ரத்தத்தில் அப்புறம்தான் ஏறும், திரும்ப எடுக்க வேண்டும். அர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரை கொடுத்தால் சிலருக்கு அரிப்பு கொஞ்சம் அடங்கும். ஆனால் அரிப்பு அடங்கியதே என்று அளவு பார்ப்பதை நிறுத்திவிடக் கூடாது, அளவை வைத்துத்தான் பிரசவத்தை முன்கூட்டி வைப்பதா என்று முடிவு செய்வார்கள். பிள்ளையின் அசைவு குறைந்த மாதிரி இருந்தால் எந்த நேரமானாலும் கிளம்பிவிடு.

உன் மாமியார் சொன்னதில் பாதி நிஜம். வயிறு விரியும்போது அங்கே அரிக்கும். வயிற்று வரிகளின் மேல் சிவப்பாகத் தடித்துப் பரவுகிற அரிப்பு ஒன்று உண்டு, அது பாடாய்ப் படுத்தும், பிள்ளையை ஒன்றும் செய்யாது. அவர் கண்டது அதுவாக இருக்கும். உன் அம்மாவையும், அக்கா தங்கை இருந்தால் அவர்களையும், உள்ளங்கால் அரித்ததா என்று கேட்டுப் பார், இது குடும்பத்தில் வருவதுண்டு.

இனி உன் கணவர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், நீதான் அவரிடம் சொல்லவே இல்லையே. பத்து ராத்திரி பெண்டாட்டி பக்கத்தில் இல்லாதது தெரியாமல் ஒருவர் தூங்குகிறார் என்றால், அந்தத் தூக்கத்துக்குக் காவல் இருந்தது நீ. குழாயை நூலாகத் திறந்தாளாம்! இதைத் தியாகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், எனக்கு அப்படிப் படவில்லை. நான் பழைய ஆள், புருஷனுக்காகப் பெண்டாட்டி விட்டுக்கொடுப்பதை ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் வயிற்றுப் பிள்ளைக்கு வரக்கூடிய தொந்தரவை அதன் தகப்பனிடமிருந்து மறைப்பது எந்தக் கடமையிலும் சேராது. இன்று ராத்திரி அரித்தால் விளக்கைப் போடு, எழுப்பு. பிறந்த பிறகு எத்தனை ராத்திரி விழிக்க வேண்டியிருக்கும், இப்போதே பழகட்டும்.

முகம்தானே? சரி. அந்தப் பெயரில்லா டப்பாவைக் குப்பையில் போடு, நாத்தனார் கோபித்தால் என்னைக் கைகாட்டு. பத்து நாளில் வெளுக்க வைக்கிற க்ரீமில் ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு, ட்ரெட்டினாயின், ஏன் பாதரசம்கூட இருக்கலாம். ஹைட்ரோகுவினோன் தடவினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடம்புக்குள் இறங்கிவிடும். வெளியே போகும்போது துத்தநாக ஆக்ஸைடு சேர்ந்த சன்ஸ்க்ரீன் போட்டு, முகத்தில் நேர் வெயில் படாமல் பார்த்துக்கொள், மங்கு முற்றுவது வெயிலால்தான். பிரசவத்துக்குப் பிறகு சில மாதத்தில் மங்கும் கருங்கோடும் பெரும்பாலும் வெளிறிவிடும், கொஞ்சம் மிச்சமும் நிற்கலாம். வயிற்று வரிகள் நிறம் வெளுக்கும், முழுசாகப் போகாது.

பரிசோதனைக்குப் போகும்போது அவரையும் கூட்டிப் போ. தேதியையும் பித்த அமில அளவையும் அவர் கையாலேயே ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். இது நிஜமாகவே அந்தப் பித்தநீர்க் கோளாறுதான் என்றால் அடுத்த கர்ப்பத்திலும் வர வாய்ப்பு அதிகம், நாளைக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எழுதுகிற டாக்டரும் இதைத் தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டும், அதனால் அந்த நோட்டு தொலையக் கூடாது. எனக்கு அடுத்த கடிதம் போடும்போது முதல் வரியில் அந்த எண்ணை எழுது.