கயிறு பிடிப்பவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். கல்லூரி மாணவன். நண்பர்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டும் ஆட்டம் ஆடுகிறோம். நம் மலைக்கென்று ‘குறும்பர்’ என்று ஒரு கிளாஸ், அதாவது ஒரு பாத்திர வகை, உருவாக்கியிருக்கிறேன். போர், மருத்துவம், வேட்டை, தேனெடுப்பு, சூனியம் என்ற ஐந்தில் எந்த இரண்டையும் தினமும் காலையில் மாற்றி எடுத்துக்கொள்ளலாம். ஆட்டத்தை நடத்தும் நண்பன், இது வந்தால் மற்றவர்களுக்கு வேலையே இருக்காது என்கிறான். உயிர்ப்புள்ளிக்கு எட்டுமுகப் பகடை வைக்கவா, பத்துமுகமா? பெயர் பொருத்தமா?

கே.

அன்புள்ள கே.,

எட்டுமுகத்தின் சராசரி 4.5, பத்துமுகத்துக்கு 5.5. பாத்திரம் ஏறும் ஒரு நிலைக்கு ஒரு புள்ளிதான் வித்தியாசம். எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள், நீலகிரியில் உயிரோடு இருக்கும் ஒரு பழங்குடிச் சமூகத்தின் பெயர் அது.

உங்கள் நண்பர் சொல்வது சரி. இந்த ஆட்டத்தின் 1978 விதிகளில் பார்டு என்ற பாணன் ஆக வேண்டுமென்றால் முதலில் போர்வீரனாக வளர்ந்து, பிறகு திருடனாகி, அதன் பிறகுதான் ட்ரூயிடு என்ற காட்டுப் பூசாரிகளிடம் போய்ச் சேர முடியும். 2014 பதிப்பில் அதே பார்டுக்கு இரண்டாம் நிலையில் தெரியாத வித்தைகளும் கைவரும், ஆனால் தேர்ந்தவருக்குக் கிடைக்கும் கூடுதல் புள்ளியில் பாதிதான் கிடைக்கும். எல்லாம் வேண்டுமென்றால் எங்காவது விலை கொடுக்க வேண்டும். உங்கள் ஆள் தூங்கி எழுந்தால் போதும்.

அந்தச் சூனியத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. கோத்தகிரியில் இருந்துகொண்டு இதை எழுதலாமா? குறும்பர் சூனியம் வைப்பார் என்ற பயத்தில் இந்த மலையில் கொலைகள் நடந்திருக்கின்றன. 1900-இல் ஒரு குடும்பத்தையே கொன்றார்கள். அதன் தலைவர் வைத்தியம் தெரிந்தவர். ஓர் ஊருக்கு வந்த நோய்க்கும் சாவுக்கும் அவரே காரணம் என்று நம்பினார்கள். மருத்துவமும் சூனியமும் ஒரே ஆளிடம் இருப்பதை நீங்கள் வசதி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கைதான் அவர்களைக் கொன்றது. அடித்துவிடுங்கள்.

தேனெடுப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அது போதும். நான் சில நாட்களாகவே அதை நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் கோத்தகிரிக்குக் கீழே ஒரு பாறையில் மலைத்தேன் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். கொடியேணியில் ஒருவர் இறங்கினார். பச்சை இலைக்கட்டிலிருந்து புகை மேலே வந்தது. புழு இருக்கும் கீழடையை முதலில் அறுத்துத் தள்ளிவிட்டு, பாறையை ஒட்டிப் புடைத்திருக்கும் தேனடைக்கு வர வேண்டும். எல்லோரும் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தது மேலே கயிறு பிடித்தவரை. இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, குதிகாலை மரவேரில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். புறங்கையில் தேனீ கொட்டிக்கொண்டிருந்தது. கை அசையவில்லை. இறங்கியவருக்கு அவர் மச்சினன். கூடப்பிறந்தவனிடம்கூடக் கயிற்றைக் கொடுக்க மாட்டார்களாம். மச்சினனுக்குத்தான் கீழே தொங்குவது தன் அக்காளின் வாழ்க்கை என்று தெரியும்.

உங்கள் கிளாஸில் அந்த மச்சினன் எங்கே? ஐந்து பேர் கூடி ஆடும் ஆட்டத்துக்கு, யாருமே தேவைப்படாத ஒருவனைச் செய்திருக்கிறீர்கள். என் வருத்தமெல்லாம் அதுதான் தம்பி.

போர்வீரனில் ஒரு வகையான பேட்டில் மாஸ்டரைப் பாருங்கள். மூன்றாம் நிலையில் அவனுக்கு நாலு எட்டுமுகப் பகடைகள், மூன்று உத்திகள். உத்திக்குச் செலவழித்த பகடை ஓய்வெடுத்தால் திரும்ப வரும். அந்த ஏற்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பகடைகளைத் தேனெடுப்பவர் கையில் வைக்காதீர்கள். ஓய்வு முடியும்போது அவர் ஒரு தோழரைத் தேர்ந்தெடுத்து, நாலையும் அந்தத் தோழர் முன்னால் வைக்கட்டும். இறங்குவதா, புகை போடுவதா, அறுப்பதா என்பதைத் தேனெடுப்பவர் நினைத்த நேரத்தில் நினைத்தபடி மாற்றிக்கொள்ளட்டும், அதற்குத் தடையே வேண்டாம். ஆனால் தோழர் சுற்றுக்கு ஒரு முறையே கிடைக்கும் எதிர்வினை வாய்ப்பை, அதாவது அந்தச் சுற்றின் ரியாக்‌ஷனைக் கொடுத்தால்தான் ஒரு பகடை உருளும். தோழர் மயங்கி விழுந்தால் அடுத்த ஓய்வு வரை ஒன்றும் கிடையாது.

அடுத்த ஞாயிறு மூன்றாம் நிலையில் ஆடிப் பாருங்கள். கயிற்றை, அதாவது அந்த நாலு பகடைகளை, ஆட்சேபம் சொன்ன நண்பருக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள், ஆட்டத்தை நடத்தும் அந்த நண்பர் வெளியிலிருந்து பார்க்கட்டும். கயிறு பிடித்தவருக்குச் சலிப்புத் தட்டினால் எந்த இடத்தில் என்று குறித்து எழுதுங்கள்.

அன்புடன்.