ஏஸ் ஜோடி ஏன் வரவில்லை?

கேள்வி: ஒரு மாதமாக ஆன்லைன் போக்கரில் உருப்படியான சீட்டே விழவில்லை. அபூர்வமாக ஏஸ் ஜோடி வந்தாலும் கடைசிச் சீட்டில் எவனாவது கவிழ்த்துவிடுகிறான். ஒரே நேரத்தில் நாலு மேசையில் ஆடிப் பார்த்தும் பயனில்லை. தளத்தில் தில்லுமுல்லு இருக்குமோ? பொறுமையாக இருந்தால் நல்ல சீட்டு திரும்புமா? வங்கியில் லைன் ஆஃப் கிரெடிட் கடனாகக் கொஞ்சம் எடுத்திருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கெட்ட காலத்தை எப்படித் தாண்டுவது?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், டொரண்டோ

பதில்: முதலில் சீட்டு. ஆளுக்கு முதலில் இரண்டு மூடிய சீட்டு, பிறகு எல்லோருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து; முதல் இரண்டாக வரக்கூடியதில் உயர்ந்தது ஏஸ் ஜோடி. 52 சீட்டுக் கட்டிலிருந்து அந்த இரண்டு சீட்டு விழ 1,326 வழிகள். அதில் ஏஸ் ஜோடி 6. சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒருமுறை. 500 ஆட்டம் ஆடியும் ஒரு தடவைகூட வராமல் போக பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நேரில் உட்கார்ந்து ஆடினால் மணிக்கு 30 ஆட்டம் போனாலே அதிகம். 500 முடியப் பல ராத்திரிகள் ஆகும். நீங்கள் நாலு மேசையைத் திறந்துவைத்து இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறீர்கள். பல வாரத்து எரிச்சலை ஒரே ராத்திரியில் வாங்கிக்கொண்டு சீட்டைத் திட்டினால் எப்படி?

வந்த ஏஸும் தோற்கிறதே என்கிறீர்கள். எதிரே ராஜா ஜோடி, இருவரும் முதலிலேயே மொத்தப் பணத்தையும் வைத்துவிட்டீர்கள் என்றாலும் ஏஸ் ஜோடி நூற்றுக்கு 18 தடவை தோற்கத்தான் செய்யும். கண்ட சீட்டோடும் நாலு பேரை மலிவாக உள்ளே விட்டுக் கடைசிவரை போனால் ஜெயிப்பதே 56 தடவைதான். எத்தனை பேரை உள்ளே விட்டீர்கள்? எழுதவில்லை. சுமாரான சீட்டோடு போய் நீங்கள் எவருடைய ஏஸையோ கவிழ்த்த கதையும் கடிதத்தில் இல்லை. ஒரு மாதத்தில் ஒன்றுகூடவா நடக்கவில்லை?

தில்லுமுல்லு இந்தத் தொழிலில் நடந்திருக்கிறது. 1999இல் ஒரு மென்பொருள், கணினியின் கடிகாரத்தை வைத்துச் சீட்டைக் கலைத்தது. அடுத்து விழுவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்று நிரலாளர்கள் செய்தே காட்டினார்கள். 2007இல் அப்சல்யூட் போக்கர் தளத்தில், மற்றவர்களின் மூடிய சீட்டைப் பார்த்து ஆடிய உள்ளாள் கணக்கு அம்பலமானது. இரண்டிலும் பிரச்சினை ஒளித்த சீட்டு தெரிந்துபோனது. யாருக்கும் மட்டச் சீட்டாகப் பொறுக்கிப் போடவில்லை. நீங்கள் தோற்றுத்தான் தளம் பிழைக்க வேண்டும் என்பதில்லை. நடுவில் சேரும் பணத்திலிருந்து ரேக் என்று ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது, யார் ஜெயித்தாலும். நாலு மேசைக்காரர் அதற்குச் செல்லப்பிள்ளை.

நல்ல சீட்டு திரும்புமா? அடுத்த ஆட்டத்திலும் 221இல் ஒன்றுதான். கைதேர்ந்தவர்கூட 10,000 ஆட்டத்துக்குப் பிறகும் நஷ்டத்தில் நிற்பதுண்டு. அவரைத் தாங்குவது, போனால் போகட்டும் என்று தனியே எடுத்துவைத்த பணம். வீட்டு வாடகை அதில் இல்லை. அது கரைந்தால் சிறிய மேசைக்கு இறங்குவார். தோற்ற கோபத்தில் கண்டதற்கும் பணம் வைக்கும் நிலையை ‘டில்ட்’ என்பார்கள். அது தலைக்கேறினால் கணினியை மூடிவிடுவார். நீங்களோ மேசையைக் கூட்டினீர்கள்.

இனி, போகிற போக்கில் சொன்ன கடன். ‘கொஞ்சம்’ என்றால் எவ்வளவு? அந்த வட்டி உங்களுக்கு ஏஸ் வந்த நாளிலும் ஏறும். சீட்டு ஜெயித்துக் கடனை அடைக்கும்வரை வீட்டில் மறைக்க வழி கேட்கிறீர்கள் என்றே எனக்குப் படுகிறது. அதற்கு என்னிடம் யோசனை கிடையாது. வங்கி அறிக்கையை எடுத்து இன்றைக்கே வீட்டில் காட்டுங்கள். ஒன்டாரியோவில் 2022 ஏப்ரல் முதல் அனுமதி பெற்று நடக்கும் தளங்களில், உங்கள் கணக்கை நீங்களே பூட்டிக்கொள்ளும் வசதி உண்டு. பூட்டுங்கள். கை நடுங்கினால் கனெக்ஸ்ஒன்டாரியோ என்ற உதவித் தொலைபேசிச் சேவையை அழையுங்கள்; 24 மணி நேரமும் இலவசமாகப் பேசுவார்கள், ரகசியம் காப்பார்கள்.

(இதைப் படித்துவிட்டு ‘எந்தத் தளம் நல்லது?’ என்று எழுதப்போகும் இந்திய வாசகர்களுக்கு: பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றிவிட்டது. திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற பேதம் அதில் இல்லை. தபால் செலவை மிச்சப்படுத்துங்கள்.)