ஃபாப்ரியானோவின் உரலும் உலக்கையும்

கேள்வி: இத்தாலியைப் பற்றி எழுதும்போதெல்லாம் ரோம், வெனிஸ், புளோரன்ஸ் என்றே எழுதுகிறீர்கள். அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு சிறிய ஊரின் வரலாறு, பண்பாடு பற்றிச் சொல்லுங்களேன். அல்லது, அப்படிப்பட்ட ஊர்களில் சொல்வதற்கு என்னதான் இருக்கும்?
(ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: "என்னதான் இருக்கும்" என்று கேட்டுவிட்டீர்கள். அந்த இரண்டு வார்த்தைகளுக்காகவே மற்றவர்களின் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எந்த மன்னன் எந்தக் கோட்டையைப் பிடித்தான், எந்தக் கோபுரத்தை எந்த ஆண்டில் எழுப்பினான் என்பதையே வரலாறு என்று மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள் நாம். ஊர்க்காரர்கள் பொழுது விடிந்ததும் எந்த வேலைக்குப் போனார்கள் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. இதற்காக இந்தப் பக்கத்தில் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். இன்றும் போடுகிறேன்.

ஃபாப்ரியானோ என்று ஓர் ஊர். இத்தாலியின் நடுப்பகுதியில், மார்க்கே மாநிலத்தில், அப்பென்னைன் மலைகளுக்கு இடையே இருக்கிறது. இன்றைக்கும் மக்கள்தொகை சுமார் 30,000தான். ஜானோ என்ற சின்ன ஆறு ஊருக்குள் ஓடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் நடந்த ஒரு வேலையால்தான் ஐரோப்பாவின் கணக்குப் புத்தகங்களும் கடிதங்களும் ஓவியர்களின் கோட்டோவியங்களும் இன்றுவரை பிழைத்துக் கிடக்கின்றன. அந்த வேலை, காகிதம் செய்வது.

உடனே சிலர் கடிதம் எழுதுவார்கள், தெரியும். காகிதத்தைக் கண்டுபிடித்தது ஃபாப்ரியானோ அல்ல. அது சீனாவில் பிறந்து, சமர்கண்ட், பாக்தாத் வழியாக அரபு உலகம் முழுவதும் பரவி, ஸ்பெயினில் ஷாத்திவா வரை வந்து சேர்ந்த தொழில். அரபுக் கைவினைஞர்களின் உழைப்பை மறைத்துவிட்டு எல்லாவற்றையும் ஐரோப்பாவின் கணக்கில் எழுதுபவர்களோடு எனக்கு எந்த ஒட்டும் உறவும் இல்லை. ஃபாப்ரியானோ செய்தது வேறு. நிலைக்காது என்று கருதப்பட்ட பொருளை நிலைக்கச் செய்தது.

1231ஆம் ஆண்டில் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அரசுப் பத்திரங்களைக் காகிதத்தில் எழுதக் கூடாது, தோலில்தான் எழுத வேண்டும் என்றது அது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அரபுக் காகிதத்துக்கு மாவுக் கஞ்சி பூசுவார்கள். வறண்ட நாட்டில் அது நன்றாகவே நிற்கும். இத்தாலியின் குளிரிலும் ஈரத்திலும் கஞ்சியில் பூஞ்சை பிடித்தது, பூச்சி அரித்தது. நிலப் பத்திரம் பேரன் காலத்துக்குள் பொடியாகிவிட்டால் அரசன் என்ன செய்வான்?

இதற்கு விடை ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வரவில்லை. ஃபாப்ரியானோவில் தோல் பதனிடுகிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் வெட்டி எறியும் தோல் துணுக்குகளைக் கொதிக்கவைத்தால் பசை வரும். காகிதக்காரர்கள் அந்தப் பசையில் தாளை முக்கி எடுத்தார்கள். பூச்சி விலகியது, இறகுப் பேனாவின் மை ஊறிப் பரவாமல் நின்றது. அதே ஊரில் கம்பளி நெய்கிறவர்களும் இருந்தார்கள். கம்பளியை அடித்து இறுக்க ஆற்று நீரால் சுழலும் சக்கரமும் அதனால் ஏறி இறங்கும் மரச் சம்மட்டிகளும் அவர்களிடம் இருந்தன. காகிதக்காரர்கள் அதைக் கந்தல் துணி இடிக்கத் திருப்பிக்கொண்டார்கள். கல் உரல், அதில் ஓயாமல் விழும் உலக்கை, உலக்கையின் முகத்தில் இரும்பு ஆணிகள். ஆணி அடித்துக் கொடுக்கக் கொல்லர்கள் இருந்தார்கள். ஊர்ச் சின்னத்திலேயே ஒரு கொல்லன் பாலத்தின் மேல் நின்று சம்மட்டி ஓங்குகிறான். கையால் இடித்தால் கிடைக்காத மெல்லிய, சீரான கூழ் இந்த உரலில் கிடைத்தது.

தோல்காரர், கம்பளிக்காரர், கொல்லர், காகிதக்காரர் எல்லோரும் ஒரே ஆற்றங்கரையில், கூப்பிடு தூரத்தில் குடியிருந்தார்கள். ஒருவன் கழித்துப் போட்டது இன்னொருவனுக்கு மூலப்பொருளானது. பெரிய நகரத்தில் ஒவ்வொரு தொழிலும் தனித் தெருவாகவும் தனிச் சங்கமாகவும் கதவை அடைத்துக்கொள்ளும். இந்த ஊரில் அது முடியாது. சிறிய ஊராக இருந்தும் சாதித்தது என்று எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சிறிய ஊராக இருந்ததால்தான் சாதித்தது. இந்தக் கருத்தை யார் மறுத்தாலும் நான் விடுவதாக இல்லை.

வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். தொட்டி நிறையக் கூழ் கலந்த வெந்நீர். ஒருவர் கம்பிச் சல்லடை கட்டிய மரச்சட்டத்தை அதில் செங்குத்தாக இறக்கி, கிடையாக்கி மேலே தூக்குகிறார். தூக்கிய கையோடு முன்னும் பின்னும், இடமும் வலமும் ஒரு குலுக்கல். இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது அந்தக் குலுக்கலில்தான். தண்ணீர் வடிந்ததும் அடுத்தவர் சட்டத்தை வாங்கிக் கம்பளித் துணியின் மேல் கவிழ்த்துத் தாளைப் படியவைக்கிறார். துணி, தாள், துணி, தாள் என்று அடுக்கு உயர்ந்ததும் திருகு அழுத்தியில் வைத்து நீரைப் பிழிகிறார்கள். பிறகு மாடியில் கயிற்றுக் கொடியில் உலர்த்தி, பசையில் முக்கி, மறுபடி உலர்த்தி, கல்லால் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். கூழின் அளவு கூடினாலும் குறைந்தாலும் தாள் வீண். அளவைச் சொல்ல எந்தக் கருவியும் இல்லை, கைதான் சொல்லும்.

சல்லடையின் மேல் வளைத்த கம்பியில் ஓர் உருவத்தைத் தைத்துவிட்டால், அந்த இடத்தில் தாள் மெலிந்து, வெளிச்சத்தில் பிடிக்கும்போது உருவம் தெரியும். வாட்டர்மார்க் என்று நாம் சொல்லும் நீர்க்குறி இதுதான். 13ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஃபாப்ரியானோவில் புழக்கத்துக்கு வந்தது. பக்கத்து ஊரான சாசோஃபெராட்டோவில் பிறந்த சட்ட மேதை பார்த்தோலோ 14ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதிவைத்தார்: இங்கே ஒவ்வொரு பட்டறைக்கும் தனிக் குறி உண்டு, குறியைப் பார்த்தே தாள் யாருடையது என்று சொல்லிவிடலாம். வணிகக் குறி யாருக்குச் சொந்தம், அடுத்தவர் அதைப் போட்டுக்கொள்ளலாமா என்ற விவாதத்துக்கு இந்தத் தாள்கள் உதாரணமாயின. பின்னாளில் பிரிக்கே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் ஐரோப்பிய ஆவணக் காப்பகங்களில் தேடித் தேடி 16,000க்கும் மேற்பட்ட குறிகளைத் தொகுத்து 1907இல் நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். தேதி போடாத ஏட்டின் காலத்தைக் கணிக்கவும், முன்தேதியிட்ட போலிப் பத்திரத்தைப் பிடிக்கவும் இன்றும் இந்தக் குறிகள் பயன்படுகின்றன.

புளோரன்ஸைப் பற்றி எழுதுகிறேன் என்று குறைப்பட்டீர்கள். அந்த நகரத்துக்கு அருகே பிராட்டோ என்ற ஊரில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வணிகர் பிரான்செஸ்கோ தாத்தினி சுமார் 1,50,000 கடிதங்களை விட்டுச் சென்றிருக்கிறார். இடைக்கால வணிகத்தை ஆராய்கிறவர்கள் எல்லோரும் அந்தக் கடிதங்களிடம்தான் போகிறார்கள். அவர் ஃபாப்ரியானோ காகிதத்தையும் வாங்கி விற்றவர். பெரிய நகரங்களின் வரலாறு எழுதப்பட்டிருக்கும் தாளை யார் செய்தார்கள் என்பதை எந்த வரலாற்றுப் பாடநூல் சொல்கிறது?

ஊருக்குப் புகழ் தேடித் தந்த ஓவியர் ஜென்ட்டிலே தா ஃபாப்ரியானோவையும் சொல்ல வேண்டும். 1423இல் அவர் வரைந்த மூன்று ஞானிகளின் வணக்கம் புளோரன்ஸின் உஃபீட்சி கூடத்தில் இருக்கிறது. தங்கம் மின்னும் அந்த ஓவியத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. நான் தாளுக்குத் திரும்புகிறேன்.

ஏனென்றால் என் பழைய வழக்கு ஒன்று இன்னும் தீரவில்லை. "வாரப் பத்திரிகைக்கு எதற்கு நல்ல தாள்? படித்து முடித்ததும் பொட்டலம் கட்டத்தானே போகிறார்கள்" என்று பதிப்புத் தொழிலில் இருந்த நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். பல ஆண்டுகளாக அவரோடு மோதிக்கொண்டிருக்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் கந்தலுக்குப் பதில் அரைத்த மரம் வந்தது. தோல் பசைக்குப் பதில் படிகாரமும் குங்கிலியமும் வந்தன. தாள் மலிவானது, அதனால் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கும் புத்தகம் போனது. அதை நான் வாழ்த்துகிறேன். ஆனால் அந்தத் தாளுக்குள்ளேயே அமிலம் இருக்கிறது. 600 ஆண்டுகளுக்கு முந்தைய ஃபாப்ரியானோ தாள் இன்றும் மடக்கினால் மடங்குகிறது. 70 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் இதழை நூலகத்தில் எடுத்துப் புரட்டிப் பாருங்கள்: ஓரம் பழுப்பேறி, விரல் பட்ட இடம் நொறுங்கி, மடிப்பு விழுந்த வரியில் எழுத்தே போயிருக்கும். நம் சிறுகதைகளும் வாதப் பிரதிவாதங்களும் அதில்தான் அச்சாகியிருக்கின்றன. நகலெடுத்து வைக்காத இதழ்கள் நம் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கின்றன. பழைய தொகுப்பு வீட்டில் வைத்திருப்பவர்கள், தயவுசெய்து, அதைப் பரணிலிருந்து இறக்கி ஒரு நூலகத்திடம் கொடுத்து நகலெடுக்கச் சொல்லுங்கள்.

ஃபாப்ரியானோவுக்கும் கஷ்டகாலம் வந்தது. இடையில் நலிந்த தொழிலைப் பியெத்ரோ மிலியானி 1782இல் ஆலை தொடங்கி மீட்டார். பிறகு பணநோட்டுக்கான காகிதமும் அங்கே தயாரானது. 20ஆம் நூற்றாண்டில் சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலைகள் ஊரை வாழவைத்தன; அவையும் சுருங்கின. 2024இல் ஆலை நிர்வாகம் அலுவலகத் தாள் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தபோது தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஓவியத் தாளுக்கு இன்னும் கிராக்கி இருக்கிறது. நம் ஊரிலும் நீர்வண்ண ஓவியர்கள் கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள்.

இத்தாலி போகிற வாய்ப்பு வந்தால், ரோமிலிருந்து அங்கோனா செல்லும் ரயில் பாதையிலேயே ஃபாப்ரியானோ இருக்கிறது. பழைய சான் டொமினிகோ மடத்தில் காகித அருங்காட்சியகம் உண்டு. அங்கே உரலில் உலக்கை விழுவதைப் பாருங்கள். ஜூன் மாதம் போனால் புனித யோவான் திருவிழா. ஊரின் நான்கு வாசல்களின் பெயரால் நான்கு அணிகள் பிரிந்து, கொல்லர்கள் பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடித்துச் சாவி செய்து போட்டி போடுவார்கள். தெருவெல்லாம் பூக்கோலம். அசைவம் சாப்பிடுபவர் என்றால் கொழுப்புத் துண்டுகள் பதித்து உலர்த்திய பன்றி இறைச்சியான ஃபாப்ரியானோ சலாமியைக் கேட்டு வாங்குங்கள். இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய தளபதி கரிபால்டிக்கு 1881இல் யாரோ அதை அனுப்பிவைக்க, அவர் நன்றி சொல்லிக் கடிதமே எழுதியிருக்கிறார்.