நாலு ஏக்கர் இறால் குளத்துக்கும் பதிவு வேணுமா?

கிள்ளை பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, உப்புத்தண்ணி வாய்க்கா ஓரமா நாலு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து வனாமி எறா விடலாம்னு இருக்கேன். கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம்னா சும்மா யோசனை சொல்றவங்கதான், பதிவெல்லாம் பெரிய பண்ணைக்குத்தான்னு குஞ்சு ஏஜென்ட் சொல்றாரு. நெசமா?"

தப்பு தம்பி. அது 2005ல பார்லிமென்ட் போட்ட சட்டத்துல வந்த ஆணையம், ஆபீஸ் சென்னையிலதான் இருக்கு, யோசனையும் சொல்லும் அனுமதியும் கொடுக்கும். கடல், ஆறு, கழிமுகம் இதுல ஏத்தத் தண்ணி வந்து தொடுற எல்லையிலேர்ந்து 2 கிலோமீட்டருக்குள்ள உப்புத்தண்ணில எறா வளர்த்தா நாலு ஏக்கரா இருந்தாலும் பதிவு வேணும். நல்லதண்ணில கெண்டை ரோகு விடுறவங்களுக்கு இது கிடையாது.

இது எப்படி வந்துச்சுன்னா, 90கள்ல நம்ம கரையோரம் பூரா கண்டபடி பண்ணை வெட்டி நெல்லு வயலும் குடிதண்ணியும் உப்பாயிடுச்சு, காந்தியவாதி ஜெகந்நாதன் கேஸ் போட்டாரு, 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் கடுமையா தீர்ப்பு சொல்லுச்சு, அதுக்கப்புறம்தான் ஆணையமே வந்துச்சு. அதனாலதான் நஞ்சை நிலம், அலையாத்தி காடு, உப்பளம் இதையெல்லாம் குளமா மாத்தாதேன்னு வழிகாட்டுதல்ல இருக்கு. குடிதண்ணி எடுக்கற எடத்துலேர்ந்து 100 மீட்டர் தள்ளி இருக்கணும், 500 பேருக்கு மேல இருக்கற ஊர்லேர்ந்து 300 மீட்டர். வெள்ளம் வடியற வாய்க்காலை மறிச்சு கரை போடக் கூடாது, 2015 வெள்ளத்தை பார்த்த கடலூர்க்காரங்களுக்கு இது ஏன்னு நான் சொல்லவே தேவையில்ல.

உங்க நாலு ஏக்கர் 2 ஹெக்டேருக்கு கீழதான். மீன்வளத்துறை உதவி இயக்குநர் ஆபீஸ்ல விண்ணப்பம் கொடுங்க, கலெக்டர் தலைமையில இருக்கற மாவட்ட கமிட்டி எடத்தை பார்த்துட்டு நேரா ஆணையத்துக்கு பரிந்துரை பண்ணும். 2 ஹெக்டேருக்கு மேலன்னாதான் நடுவுல மாநில கமிட்டி. குத்தகைய வாய்ப்பேச்சா வைக்காம பத்திரமா எழுதிக்கங்க.

வனாமிக்கு 2009ல அனுமதி கொடுத்தப்ப தனியா விதி போட்டாங்க. குஞ்சு பதிவு பெத்த ஹேச்சரிலேர்ந்து (குஞ்சு பொரிக்கற எடம்) நோய் இல்லாததா வாங்கணும், ஒரு சதுர மீட்டருக்கு 60 குஞ்சுக்கு மேல விடக்கூடாது, நண்டு வேலி, பறவை வலை வேணும், பண்ணை எவ்ளோ சின்னதா இருந்தாலும் கழிவுதண்ணி நிறுத்தி சுத்தம் பண்ண தனி குளம் வேணும். நம்மாளுங்க முக்காவாசி பேரு இதுலதான் கோட்டை விடுறாங்க, நாலு ஏக்கர்ல அரை ஏக்கர் போயிடுமேன்னு. ஆனா யோசிச்சு பாருங்க, வெள்ளாத்து வாய்க்கால்ல நீங்க திறந்துவிடற தண்ணியத்தான் அடுத்த பண்ணைக்காரரு பம்ப் போட்டு இழுக்கறாரு, அவரு விடறத நீங்க இழுக்கறீங்க, ஒருத்தர் குளத்துல வெள்ளைப்புள்ளி நோய் வந்தா வாய்க்கா பூரா போச்சு. நோய் வந்துட்டா கரைய வெட்டிவிடாம வலை போட்டு மட்டும் எறாவ எடுங்க, தண்ணிக்கு குளோரின் போட்டு அந்த வீரியம் போனப்புறம்தான் வெளிய விடணும். இத பாக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கும், ராத்திரியோட ராத்திரியா தண்ணிய திறந்துவிட்டு பக்கத்து ஆளோட ஆறு மாச உழைப்ப அழிக்கறாங்க.

குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் மாதிரி தடை பண்ண மருந்து யாரு கொடுத்தாலும் வாங்காதீங்க, ஏற்றுமதி டெஸ்ட்ல மாட்டும்.

2023ல சட்டத்தை திருத்தி ஜெயில் தண்டனைய எடுத்துட்டாங்க, ஆனா அபராதம் இருக்கு. பதிவு கைக்கு வந்தப்புறம் குஞ்சுக்கு அட்வான்ஸ் கொடுங்க தம்பி.