மணல் அள்ளிய காணியில் முதலில் என்ன வைப்பது?

திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டையிலிருந்தும் மூதூரிலிருந்தும் வந்த கேள்விகள்தான் இந்தமுறை அதிகம்.

கேள்வி: கருமணல் அள்ளி முடித்த காணியில் போன மாரிக்கு வேம்பும் தென்னையும் வைத்தோம். பங்குனிக்குள் எல்லாம் கருகிவிட்டன. கன்று சரியில்லையா?

கன்றில் பிழையில்லை, அவசரப்பட்டுவிட்டீர்கள். மேல்மண்ணோடு விதையும் வேருக்குத் துணையான பூஞ்சணமும் போய்விட்டன, மிஞ்சியது வெறும் மணல், அதில் ஊற்றுகிற தண்ணீர் நிற்காது, கச்சான் என்கிற வறண்ட மேல்காற்றும் சேர்ந்தால் எந்தக் கன்றும் தாங்காது. முதலில் அடம்பன் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் படர விடுங்கள். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் அடம்பனை முழ நீளத்துக்கு வெட்டி, கணுக்கள் மணலுக்குள் இருக்கும்படி புதையுங்கள், கணுவுக்குக் கணு வேர்விடும். அடுத்த வருடம் ஒரு நடுப்பகலில் அந்தக் கொடியைத் தூக்கி அடியில் கை வைத்துப் பாருங்கள். பக்கத்து மணல் சுடும், இங்கே குளிரும், உக்கிய இலைத்தூளுக்குள் எறும்பு ஓடும். புன்னை, தாழை, பூவரசு எல்லாம் அதற்குப் பிறகுதான். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்!

கேள்வி: மணல் கறுப்பாக இருப்பது நஞ்சா?

இல்லை. அது இல்மனைட், இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த கனிமம், செடியைக் கொல்லாது. ஆனால் கூடவே வருகிற மொனசைட்டில் தோரியம் உண்டு, அதனால் பிரித்தெடுத்த கழிவைக் குவித்த இடத்தில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

கேள்வி: கல்குவாரியின் பழைய வாகனக் கராச் இருந்த மண்ணில் ஈயம் கூடுதலாம். முருங்கை வைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். வாய்க்குள் போகிற எதையும் அங்கே வைக்காதீர்கள். வெட்டிவேரை நெருக்கமாக நடுங்கள், ஈயத்தில் பெரும்பங்கை வேரிலேயே வைத்திருக்கும், தூசியும் பறக்காது. ஈயம் அதனால் மறைந்துவிடாது, ஆகவே வேலி அடைத்து ஆடு மாட்டைத் தள்ளியே வையுங்கள்.

கேள்வி: சீக்கிரம் பச்சையாக வேண்டும். இப்பில் இப்பில் போடலாமா?

வேண்டாம். அது வெளியிலிருந்து வந்த மரம், வேகமாக வளர்ந்து கட்டுக்கடங்காமல் பரவும். இதேபோல உவர்நிலத்தைத் திருத்தவென்று 1950களில் அம்பாந்தோட்டைக்குக் கொண்டுவந்த சீமைக்கருவேலம் பிறகு புந்தல தேசியப் பூங்காவுக்குள்ளேயே புகுந்துவிட்டது, அதை வெட்டி வெட்டி ஆட்கள் படும் பாடு கொஞ்சமல்ல. ஆவாரை போடுங்கள், நொச்சிக் கம்பு ஊன்றுங்கள், இரண்டும் நம் மண்ணில் வேகமாகவே வரும்.

கேள்வி: மகாவலிக் கரையில் மணல் தோண்டிய பள்ளத்துக்கு?

மருதுதான். ஆனால் மாரிக்கு முன் வைத்தால் வெள்ளம் அள்ளிக்கொண்டு போய்விடும். தண்ணீர் வடிந்ததும், ஈரம் காயமுன், இடுப்பளவு வளர்ந்த கன்றாகப் பார்த்து வையுங்கள்.