கேம் பாய்க்கு விளையாட்டு எழுதலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கல்லூரியில் ஒரு பருவம் சி மொழி படித்திருக்கிறேன். நிண்டெண்டோவின் பழைய கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாய்க்கு ஒரு சிறிய விளையாட்டை நானே எழுத ஆசைப்படுகிறேன். செயலியின் கட்டளைகளை நேரடியாக எழுதும் அசெம்பிளி மொழி தெரியாமல் இதில் இறங்கக் கூடாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கருவியும் என்னிடம் இல்லை. எப்படித் தொடங்குவது?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள், உங்களுக்குத் தெரிந்த சி மொழியே போதும். ஜிபிடிகே-2020 என்ற இலவச மென்பொருள் தொகுப்பு, சி நிரலை கேம் பாயில் இயங்கும் கோப்பாக மாற்றித் தருகிறது. அந்தக் கோப்பை கணினியிலேயே கேம் பாயைப் போல நடந்துகொள்ளும் எம்ஜிபிஏ, சேம்பாய் போன்ற எமுலேட்டர் மென்பொருள்களில் ஓட்டிப் பார்க்கலாம் என்பதால், கருவி இல்லாதது தடையே அல்ல. அசெம்பிளியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். அதற்குள் அது எங்கே உதவும் என்பதும் உங்களுக்குப் பிடிபட்டிருக்கும்.

1989இல் வெளிவந்த இந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு என்றே சொல்வேன். 160க்கு 144 புள்ளிகள் கொண்ட திரை, நான்கே சாயல்கள், 8 கிலோபைட் பணி நினைவகம் என எல்லாமே சிறியவை என்பதால், கருவி முழுவதையும் ஒருவர் தனியாகவே புரிந்துகொள்ள முடியும்.

கதை, மதிப்பெண், இசை எல்லாவற்றையும் இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு ஸ்பிரைட்டை (திரையில் தனியாக நகரும் சிறு உருவத்தை) திசைப் பொத்தான்களால் நகர்த்துவதை முதல் இலக்காக வையுங்கள். அதை சுழியம், சுழியம் என்ற இடத்தில் வைத்தால் திரையில் எதுவும் தெரியாது. நிரலில் பிழை என்று நினைத்துவிட வேண்டாம். உருவங்கள் இடது விளிம்பிலிருந்தும் மேல் விளிம்பிலிருந்தும் சிறிது சிறிதாக உள்ளே நுழைய இடம் தரும் வகையில், கிடைமட்டத்தில் 8 புள்ளிகளும் செங்குத்தில் 16 புள்ளிகளும் தள்ளியே வன்பொருள் கணக்கிடுகிறது. ஆகவே 8, 16 என்று கொடுத்தால்தான் உருவம் திரையின் இடது மேல் மூலையில் முழுமையாகத் தெரியும்.

அடுத்தது நேரம். கருவி 144 வரிகளை ஒவ்வொன்றாக வரைந்துவிட்டு, மேலும் பத்து வரிகள் வரையும் நேரத்துக்கு ஓய்வெடுக்கிறது. ஒரு நொடிக்கு ஏறத்தாழ 60 முறை வரும் இந்த இடைவெளியில்தான் படங்களைச் சிக்கலின்றி மாற்ற முடியும். விளையாட்டின் முதன்மை மடக்கில் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதியில்) ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் விசிங்க் என்ற செயற்கூறை அழைத்தால், நிரல் அந்த இடைவெளி வரும்வரை காத்திருக்கும். அழைக்காவிட்டால், பொத்தானைத் தொட்ட மாத்திரத்தில் உங்கள் உருவம் திரையைத் தாண்டி ஓடிவிடும்.

கேள்வி: என் விளையாட்டில் எதிரிகள் மெதுவாக நகர வேண்டும் என்பதற்காகத் தசம எண்களைச் சேமிக்கும் ஃபுளோட் வகை மாறிகளைப் பயன்படுத்தினேன். மொத்த விளையாட்டும் தள்ளாடுகிறது. ஏன்?
– வாசகி, திருச்சி

பதில்: கேம் பாயின் எட்டு பிட் செயலியில் தசம எண்களைக் கையாளும் வசதி கிடையாது, பெருக்கலுக்குக்கூடத் தனிக் கட்டளை இல்லை. ஒவ்வொரு தசமக் கணக்கையும் நீண்ட கட்டளைத் தொடர்களால் செய்ய வேண்டியிருப்பதால் வேகம் குறைகிறது. ஃபுளோட்டை விட்டுவிட்டு 16 பிட் முழு எண்ணில் இருப்பிடத்தைச் சேமித்து, 256 அலகுகளை ஒரு புள்ளியாகக் கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் 64 அலகுகளைக் கூட்டினால் எதிரி நான்கு சுற்றுகளுக்கு ஒரு புள்ளி நகரும். திரையில் வைக்கும்போது மட்டும் எண்ணை எட்டு பிட்கள் வலப்புறம் நகர்த்துங்கள்; அது 256ஆல் வகுப்பதற்குச் சமம். குதித்தல், ஈர்ப்பு விசை எல்லாவற்றுக்கும் இதே முறை பொருந்தும்.

எதிரிகளின் எண்ணிக்கையையும் கவனியுங்கள். மொத்தம் 40 ஸ்பிரைட்டுகள் உண்டு என்றாலும், ஒரே வரியில் பத்துக்கு மேல் வந்தால் மிஞ்சியவை வரையப்படாமல் போகும்.

கேள்வி: நிரல் எழுதவே தெரியாத என் மகள் இதைச் செய்ய முடியுமா?
– பெற்றோர் ஒருவர், சேலம்

பதில்: முடியும். ஜிபி ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் காட்சிகளை வரைந்து, நிகழ்வுகளைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துக் கோத்தாலே உண்மையான கேம் பாய் கோப்பு கிடைக்கும். நடந்து சென்று பிறருடன் பேசும் வகைக் கதைகளுக்கு இது மிகவும் ஏற்றது. இதன் உள்ளே இயங்குவதும் ஜிபிடிகேதான் என்பதால், பின்னாளில் அவர் சி கற்றுக்கொண்டால் அதே விளையாட்டை உள்ளிருந்து இயக்கும் நிரலை (எஞ்சினை) தனியே எடுத்துத் தம் விருப்பப்படி திருத்திக்கொள்ளலாம்.